மூன்றாவது கியரில் ஒரு பள்ளம்

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜோகுபாளையத்துச் சந்துக்குள் நடந்து வரும்போது, யாராவது வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்பார்கள். “அந்தோணி அண்ணா, வேற சைலன்ஸர் போட்டா பவரும் ஏறும், மைலேஜும் ஏறும்னு சொல்றாங்களே, நெஜமா?”

நின்ற இடத்திலேயே இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேள்வியோடு கூடவே முரளி, கவிதா என்ற இருவரின் முகம் எனக்கு ஞாபகம் வந்துவிடும். அவர்களுக்கு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அது பாதிப் பதில்தான். பட்டறையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள், “எழுதியே குடுத்துடுங்கண்ணா, கேக்கறவங்களுக்கெல்லாம் காட்டிடறோம்” என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அல்சூரில் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் ஸ்பேனர் பிடித்தேன். பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில், புது வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை கிடைத்தது. மழையிலும் வெயிலிலும் அதையே இருபது வருடத்துக்கு மேல் செய்தேன். சோதனைப் பிரிவை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது நான் போகவில்லை. தொம்மலூரில் ஃபரூக் பாயின் பட்டறையில் சேர்ந்தேன்.

ஃபரூக் பாய் நெடுந்தூரம் ஓட்டுகிற பெரிய வண்டிகளுக்கு மட்டும் வேலை செய்பவர். வெளிநாட்டு சைலன்ஸர்களையும் விற்பார். வாசலில் ஒரு போர்டு இருந்தது: ‘அதிக பவர், அதிக மைலேஜ், அசல் சத்தம்’. பட்டறையின் பின்கட்டில் ஒரு டைனோ மெஷின் வாங்கிப் போட்டிருந்தார். வண்டியின் பின்சக்கரத்தை ஒரு கனமான உருளை மேல் ஏற்றி, நாலு பக்கமும் பட்டையால் இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓட்டினால், இன்ஜின் எந்தச் சுழற்சியில் எவ்வளவு இழுக்கிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். அந்த மெஷினுக்குப் பொறுப்பாக வந்தவர் வசுதா மேடம். தொழிற்சாலையில் இன்ஜின் லேபில் இருந்தவர். கன்னடக்காரர், ஆனால் எங்களோடு தமிழில்தான் பேசுவார். வயதில் என்னைவிடச் சின்னவர், வேலையில் எனக்கு மேலே. என்னை “அந்தோணியவரே” என்றுதான் கூப்பிடுவார்.

ஒரே ஒரு தடவையைத் தவிர, மேடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் சொன்னதையும் தப்பு என்று சொல்லமாட்டார். “இன்னொரு தடவ நோடோணா” என்பார், பார்ப்போமே என்கிற மாதிரி. அப்படிச் சொன்னால் அவருக்கு நம்பிக்கையில்லை என்று அர்த்தம். இன்ஜின் ஆயில் சூடு குறிப்பிட்ட அளவுக்கு வராமல் மெஷினை ஓட்டவிடமாட்டார். கஸ்டமர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினால் காபி வரவழைத்துக் கொடுப்பார். மூன்று தடவை ஓட்டி மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்தான் அது கணக்கு. அதுவரைக்கும் கம்ப்யூட்டர் திரை சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். “நம்பர பாத்துட்டா அப்புறம் ஃபீலிங்க மாத்திச் சொல்லுவாங்க” என்பார். முதலில் ஓட்டியவர் என்ன உணர்ந்தார் என்று கேட்பார். அப்புறம்தான் திரை.

மைலேஜ் பார்க்கிற விதமும் அப்படித்தான். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று அளக்க வேண்டும். ஒரே பெட்ரோல் பங்க், ஒரே குழாய். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டேங்க் கழுத்து வரை பெட்ரோல் போட்டு, நுரை அடங்கும் வரை காத்திருந்து, மறுபடி நிரப்ப வேண்டும். பழைய மதராஸ் ரோட்டில் ஹொசகோட்டே, கோலார் வழியாக முல்பாகல் போய்த் திரும்ப வேண்டும். திரும்பி வந்ததும் அதே குழாயில் அதே கழுத்து வரை. வண்டியின் மீட்டர் காட்டுகிற தூரத்தை மேடம் நம்பமாட்டார். டயர் சைஸ் மாற்றியிருந்தால் மீட்டர் பொய் சொல்லும் என்று தூரத்தைத் தனியாகச் சரிபார்ப்பார்.

முரளியும் கவிதாவும் ஒரு திங்கட்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வண்டி அவர்களுக்குப் பின்னால் ஒரு சின்ன லாரியில் வந்தது. பெரிய டூரிங் வண்டி. இடப்பக்கம் முழுக்கச் சிராய்ப்பு, ஒரு பெட்டி நசுங்கியிருந்தது. முரளிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் டிசைன் வேலை, சொந்த ஊர் சேலம். பிறவியிலேயே காது கேட்காது, பேசவும் வராது. லைசென்ஸ் முறையாக வாங்கி, எட்டுப் பத்து வருடமாக ஓட்டுகிறவர். அவருடைய மனைவி கவிதாவுக்குக் காது கேட்கும். பள்ளிக்கூட டீச்சர். அவர்தான் இடது கையில் மாவுக்கட்டோடு எங்களிடம் பேசினார். முரளியிடம் அவர் பேசுவது இரண்டு கையாலும். இப்போது ஒரு கையால்தான் பேச முடிந்தது. பாதி வார்த்தை புரியாமல் முரளி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திம்பம் மலைப்பாதை வழியாகத் திரும்பியிருக்கிறார்கள். ஏற்றத்தில் ஒரு லாரி முன்னால் ஊர்ந்திருக்கிறது. பாதை நேராகத் தெரிந்த இடத்தில் முரளி அதைத் தாண்டப் பார்த்திருக்கிறார். பாதி தாண்டும்போது எதிரே வளைவிலிருந்து ஒரு பஸ் வந்துவிட்டது. த்ராட்டிலைத் திருகியும் வண்டி எழும்பவில்லை. பிரேக் அடித்து லாரிக்குப் பின்னால் வந்து ஓரத்து மண்ணில் இறக்கியதில், வண்டி சாய்ந்து கவிதாவின் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

“எங்கப்பா வண்டிய வித்துருன்றாரு” என்றார் கவிதா. “காது கேக்காதவன் கையில பொண்ணக் குடுத்தேன், இப்ப உசுரையும் குடுக்கணுமான்னு இவரு முன்னாடியே கேட்டாரு. கேக்கலைன்னாலும் உதட்டப் பாத்து இவருக்குப் புரிஞ்சுடுச்சு.”

ஃபரூக் பாய் தாடியைத் தடவிக்கொண்டார். முரளி தன் போனில் தமிழில் எழுதி மேடத்திடம் நீட்டினார். ‘நான் தப்பா, வண்டி தப்பா? எனக்குத் தெரிய வேண்டும். வண்டி தப்பு இல்லை என்றால் நான் இனி ஓட்டமாட்டேன்.’

மேடம் அதை வாசித்துவிட்டு, “நீங்க என்ன நெனைக்கறீங்க?” என்று கவிதாவைக் கேட்டார்.

“எனக்குத் தெரியல மேடம். பின்னாடி உக்காந்து இவர்கூட எவ்வளவோ தூரம் போயிருக்கேன். ஒரு நாளும் பயந்ததில்ல. இப்ப இந்த வண்டியப் பாத்தாலே பயமா இருக்கு. இது என்னன்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கமே வரும்.”

வண்டி பழசாக வாங்கியது. தொம்மலூரிலேயே இருந்த ஒருவரிடமிருந்து அதை முரளி வாங்கி ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. இன்ஜினிலிருந்து பின்பக்கம் வரை முழுக்குழாயும் வெளிநாட்டு சைலன்ஸரும் மாற்றியிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. மாற்றியது எங்கள் பட்டறையில்தான்.

முரளிக்கு இந்த வண்டியில் முதலிலிருந்தே குறை இருந்திருக்கிறது. லிட்டருக்கு முப்பது கிடைக்க வேண்டிய இடத்தில் இருபத்து மூன்றுதான் கிடைத்தது. எத்தனால் கலந்த பெட்ரோலால் அப்படி என்று பலரும் சொல்லிவிட்டார்கள். மலை ஏறும்போது நடுவில் வண்டி சோர்கிறது என்று இரண்டு மெக்கானிக்கிடம் காட்டினார். இருவரும் ஓட்டிப் பார்த்துவிட்டு, “சூப்பரா பறக்குது சார்” என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

முரளி அன்று கையாலேயே எங்களுக்குக் காட்டினார். உள்ளங்கையைச் சாய்வாக மேலே ஏற்றிக்கொண்டே போனார். நடுவில் ஒரு பள்ளத்தில் இறக்கினார். மறுபடி சர்ரென்று ஏற்றினார். பிறகு தன் முழங்காலையும் கால்மிதியையும் தொட்டுக் காட்டினார். அங்கேதான் அது தெரிகிறதாம்.

சிராய்ப்பை அப்படியே விட்டுவிட்டு, ஓட்டுவதற்கு வேண்டியதை மட்டும் சரிசெய்தோம். மேடம் என்னை ஓட்டிப் பார்த்துவரச் சொன்னார். உள்வட்டச் சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். சைலன்ஸர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து ஆபீஸ் வாட்ச்மேன்கள் எழுந்து நின்றார்கள். “நல்லாத்தான் இழுக்குது மேடம்” என்றேன். ஃபரூக் பாயும் ஓட்டினார். “மஸ்த்தா இருக்கு! பறக்குது!” என்றார்.

மேடம் தலையாட்டினார். “இன்னொரு தடவ நோடோணா.” மேஜை டிராயரிலிருந்து மெத்தென்ற காதடைப்பான்களை எடுத்தார். தொழிற்சாலையில் இரைச்சலுக்குப் போடுவோமே, அதுதான். “இத வச்சுக்கிட்டு, மேல ஹெல்மெட் போட்டு, மூணாவது கியர்ல மட்டும் ஓட்டுங்க. மெதுவாப் போயி, முழுசாத் திருகுங்க.”

அதே சாலை, அதே வண்டி. காதில் சத்தமே இல்லை. மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் முழுக்கத் திருகினேன். வண்டி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் கயிறு தளர்ந்த மாதிரி ஒரு இடம். கை திருகியபடி இருக்கிறது, வண்டி அங்கேயே யோசித்துக்கொண்டு நிற்கிறது. பிறகு திடீரென்று உதைத்துக்கொண்டு ஓடுகிறது. மறுபடி பார்த்தேன். அதே இடம். காது திறந்திருந்தபோது அந்த இடத்தில்தான் சத்தம் மிக அதிகம். சத்தம் ஏறியதை வேகம் ஏறியதாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இருபது வருடம் ஓட்டிப் பார்த்துச் சொன்னவன் நான்.

திரும்பி வந்து ஃபரூக் பாயிடம் காதடைப்பான்களைக் கொடுத்தேன். அவர் போய்விட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். நேராகப் போய் முரளியின் தோளில் கை வைத்தார்.

அதன்பிறகு வண்டியை டைனோவில் ஏற்றினோம். ஒப்பிட்டுப் பார்க்க, மாற்றம் எதுவும் செய்யாத அதே மாடல் வண்டி ஒன்றை ஒரு கஸ்டமரிடம் கேட்டு வாங்கினார் மேடம். இரண்டும் மூன்று மூன்று தடவை ஓடின. கடைசியில் திரையைத் திருப்பினார். ஒரிஜினல் வண்டியின் கோடு சீராக ஏறியது. முரளியின் வண்டிக் கோடு நடுவில் குழிந்து, பிறகு ஏறி, கடைசியில் ஒரிஜினலை ஒரு பொடி தாண்டியது. முழு வேகத்தில் ஒன்றரைக் குதிரைத்திறன் லாபம், நடுவில் அதைப்போல இரண்டு பங்குக்கு மேல் நஷ்டம். பெரிய குழாய்க்கேற்ப இன்ஜின் கம்ப்யூட்டரை யாரும் மாற்றியமைக்கவில்லை. மலையில் இரண்டு பேரும் பெட்டிகளுமாக ஏறும்போது இன்ஜின் சுழல்வது அந்த நடுப்பகுதியில்தான்.

கவிதா திரையைப் பார்த்தார். பிறகு நல்ல கையைத் தூக்கி, முரளி முன்பு காட்டியதைப் போலவே காற்றில் அந்தக் கோட்டை வரைந்தார். அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. முரளி அவரைப் பார்க்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, வண்டிதானே மேடம்?” என்றார் கவிதா.

மேடம் இன்னொரு தடவை கோட்டைப் பார்த்தார். அவருடைய இந்த நிதானம் அன்று எனக்குக்கூடக் கோபமூட்டியது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன?

“இன்னும் ரோட்டுல பாக்கல. பாத்துட்டுச் சொல்றேன்.”

ரோட்டில் பார்க்க இரண்டு பேர் எடை வேண்டும். கவிதா வண்டியில் ஏறமாட்டேன் என்றார். அதனால் அவர் இடத்தில் நான் உட்கார்ந்தேன். பெட்டிகளில் தண்ணீர் கேன்களை அடைத்தோம். முரளி ஓட்டினார். முல்பாகல் வரை போய்த் திரும்பினோம். பின்னால் உட்கார்ந்து போவது எனக்குப் பிடிக்காத வேலை, அடுத்தவன் பிரேக் அடிப்பதற்குள் என் கால் அழுந்தும். அன்று அப்படி ஆகவேயில்லை. முரளி கண்ணாடியைப் பார்க்கிற விதம் நாம் மூச்சு விடுகிற மாதிரி. இடது, வலது, முன்னால், மறுபடி இடது. பின்னால் ஹாரன் அடித்து நான் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அவர் வழிவிட்டிருப்பார்.

வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது, முரளி தன் வலது முழங்காலுக்குக் கீழே தட்டிக்காட்டி, ஊதுவது மாதிரி வாயைக் குவித்தார். சூடான காற்று அங்கே விட்டு விட்டு அடிக்கிறது என்று கையால் காட்டினார். குனிந்து பார்த்தேன். இன்ஜினிலிருந்து குழாய் கிளம்புகிற இணைப்பில் கறுப்பாகக் கரி படிந்திருந்தது. இணைப்புக்கு நடுவில் வைக்கும் கேஸ்கெட் வளையம் கசிந்திருக்கிறது. சாதாரண சைலன்ஸராக இருந்தால் டிக் டிக் என்ற சத்தமே காட்டிக்கொடுத்திருக்கும். இதன் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

நான் சொன்னதைக் கேட்டதும் மேடம் தலையாட்டினார். அந்தக் குழாயில் ஒரு சென்சார் உண்டு. வெளியே போகும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால், பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போனதால் அது தப்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தது, இன்ஜினும் வேண்டாத பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருந்தது. புது கேஸ்கெட் போட்டதும் மைலேஜ் இருபத்து மூன்றிலிருந்து இருபத்தேழாக ஏறியது. பள்ளம் மட்டும் போகவில்லை.

பள்ளம் போக வேண்டுமென்றால் இந்தக் குழாய்க்கேற்ப கம்ப்யூட்டரைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் ஒரிஜினல் குழாயைத் தேடிப் பிடிக்க வேண்டும். முரளி ஒரிஜினல்தான் வேண்டும் என்று எழுதினார். சிவாஜிநகர் குஜ்ரியில் பழைய சாமான் கடை கடையாக நான் தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு நாள் மதியம் ஃபரூக் பாய் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பெட்ஷீட் சுற்றிய நீளமான மூட்டை. பழைய சொந்தக்காரர் வீட்டுப் பரணிலிருந்து தானே இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

“சைலன்ஸர் நான் வித்தது, அதான் நானே போய்க் கேட்டேன்” என்றார். “அந்த ஆள் இன்னும் சொல்றான், பாய், நீங்க போட்ட சைலன்ஸர்ல வண்டி ராக்கெட்டுன்னு. நான் என்னத்தச் சொல்ல?”

பாய் பிறகும் சைலன்ஸர் விற்றார். சத்தம் வேண்டும் என்பவர்களுக்கு அது வேண்டும். ஆனால் வாசல் போர்டில் ‘அதிக பவர்’, ‘அதிக மைலேஜ்’ இரண்டின் மேலும் பெயின்ட் அடித்தார். ‘அசல் சத்தம்’ மட்டும் மிச்சம் நின்றது. கம்ப்யூட்டரைத் திருத்திக்கொள்ளாதவர்களுக்கு முழுக்குழாய் மாட்டுவதையும் நிறுத்திவிட்டார். கொஞ்சம் வியாபாரம் குறைந்தது. மேடத்திடம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரிஜினல் குழாயை மாட்டி, டைனோவில் ஏற்றினோம். கோடு சீராக ஏறியது. அன்று முரளியையும் கவிதாவையும் உட்காரவைத்து மேடம் பேசினார். கவிதாவின் கட்டை அதற்குள் பிரித்திருந்தார்கள். மேடம் மெதுவாகச் சொல்லச் சொல்ல, அவர் இரண்டு கையாலும் முரளிக்குச் சொன்னார்.

“நீங்க எதிர்பாத்த எடத்துல வண்டி இழுக்கல. அது உங்க தப்பு இல்ல. காது கேக்கறவங்க ஓட்டியிருந்தாலும் அதே எடத்துல அப்படியே நின்னிருக்கும். உங்க மாமனார்கிட்ட இந்தக் கோட்டக் காட்டுங்க, நான் வேணும்னா வந்து சொல்றேன்.” கவிதாவின் கைகள் சொல்லி முடிக்கட்டும் என்று நிறுத்தினார். “ஆனா இன்னொண்ணும் சொல்லணும். வண்டி நல்லா இருந்திருந்தாலும், ரெண்டு பேரு, இவ்வளவு லக்கேஜோட, அந்த ஏத்தத்துல நான் தாண்டியிருக்க மாட்டேன். லாரி பின்னாடியே போயிருப்பேன்.”

கவிதாவின் கை நின்றது. இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. முரளி அவர் கையைத் தொட்டு, சொல்லு என்பது போல் தலையசைத்தார். சொன்னார். முரளி போனை எடுத்து எழுதி மேடத்திடம் காட்டினார்.

‘சரி. இது எனக்குத் தெரிய வேண்டியதுதான். இனி லாரி பின்னாலேயே போவேன்.’

கடைசி மைலேஜ் ஓட்டம் மறுநாள் காலை. டயர் காற்று பார்த்து, டேங்கைக் கழுத்து வரை நிரப்பியாயிற்று. முரளி வண்டியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஏறுவதற்காக நான் ஹெல்மெட்டை எடுத்தேன்.

“குடுங்கண்ணா” என்றார் கவிதா. என் கையிலிருந்து அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். பட்டையின் கொக்கி இரண்டு தடவை நழுவியது. மேடம் பட்டையைச் சரிசெய்துவிட்டார். முரளி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. கவிதா அவர் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.

நான் இன்னொரு வண்டியில் பின்தொடர்ந்தேன். ஹொசகோட்டே தாண்டும்வரை கவிதா விறைப்பாக நிமிர்ந்தே இருந்தார், இரண்டு கையும் சீட்டுக்குப் பின்னால் கம்பியில். கோலார் தாண்டிய பிறகு கைகள் முரளியின் இடுப்புக்கு வந்தன. திரும்பி வரும்போது அவர் தலை முரளியின் முதுகில் சாய்ந்திருந்தது. லாரிகளுக்குப் பின்னால் முரளி பொறுமையாகப் போனார். இடம் கிடைத்தபோது ஒரே சீராக எழும்பித் தாண்டினார்.

பங்கில் மேடம் காத்திருந்தார். கழுத்து வரை நிரப்பினோம், நுரை அடங்கக் காத்திருந்தோம், மறுபடி நிரப்பினோம். லிட்டருக்கு முப்பதை ஒட்டி வந்தது. கவிதா ஹெல்மெட்டைக் கழற்றினார். கன்னத்தில் பஞ்சின் அச்சு பதிந்திருந்தது.

“எப்படிம்மா இருந்துச்சு? நடுவுல எங்கயாவது சோர்ந்துச்சா?” என்று கேட்டார் மேடம்.

“தெரியல மேடம்” என்றார் கவிதா, வெட்கத்தோடு. “திரும்பி வரும்போது தூங்கிட்டேன்.”

“அய்யோ, வண்டில பின்னாடி உக்காந்து தூங்கக் கூடாதும்மா!” மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

முரளி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, என்ன என்று கையசைத்துக் கேட்டார். கவிதா இரண்டு கைகளாலும் சொன்னார். முரளி சிரித்தார், வாய்விட்டு, பங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.